செட்டிங் லீவர் ஸ்பிரிங் செய்ய எந்த அரம்?

பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்று. கிரவுனை, அதாவது சாவி கொடுக்கும் திருகுக் குமிழை, இழுத்தால் நேரம் வைக்கலாம், ஆனால் இழுத்த இடத்தில் அது நிற்காது; கையை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். டயலைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. செட்டிங் லீவர் ஸ்பிரிங் உடைந்திருந்தது. 0.45 மி.மீ. தடிமன் உள்ள எஃகுத் தகடு, அதிலிருந்து வளைந்து நீளும் ஒரு மெல்லிய கை, கையின் நுனியில் இரண்டு பள்ளங்கள். லீவரில் உள்ள சின்ன ஊசி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் சாவி கொடுக்கும் நிலை, அடுத்ததில் உட்கார்ந்தால் நேரம் வைக்கும் நிலை. கிரவுனை இழுக்கும்போது விரலில் ‘டிக்’ என்று தெரிவது இந்த ஊசி ஒரு பள்ளத்திலிருந்து மற்றதற்குத் தாவுவதுதான்.

இந்த மாடலுக்கு உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. எனவே தகட்டிலிருந்து வெட்டி, அரத்தால் ராவி, சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் போட்டு நாமே செய்ய வேண்டியதுதான். இந்தப் பதிவில் கடிகாரத்தைவிட அரத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். இப்படி ஒரு பாகத்தில் வேலை எப்படி வரும் என்பதில் பாதி, கையில் எடுக்கிற அரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் உடைந்த துண்டுகளை ஐ கிளாஸ் (கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கி) போட்டு நன்றாகப் பார்த்தேன். கை உடைந்தது நடுவில் அல்ல, தகட்டோடு சேரும் மூட்டில். அந்த உள்மூலை கத்தியால் கீறியதுபோலக் கூராக இருந்தது. வளையும் பாகத்தில் கூரான உள்மூலை இருந்தால் விசை முழுக்க அங்கேதான் குவியும். விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். நுனியில் உள்ள பள்ளங்களின் கதை இதற்கு நேர் எதிர். இரண்டு பள்ளங்களுக்கும் இடையில் உள்ள மேடு தெளிவாக இல்லாவிட்டால் லீவர் சரியாகத் தாவாது. ஆக ஒரே பாகத்தில் ஓரிடத்தில் மூலை வளைவாக இருக்க வேண்டும், இன்னோரிடத்தில் கூராக இருக்க வேண்டும். எந்த அரம் வேண்டும் என்பதை இந்த ஒரு பார்வையே முக்கால்வாசி சொல்லிவிட்டது.

அரம் வாங்கப் போகிறவர்கள் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு ஊசி அரங்கள் (ஊசிபோல் மெல்லிய சின்ன அரங்கள்) உறைக்குள் இருக்கும் செட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். எல்லா வடிவமும் இருக்கிறதே என்று தோன்றும். அந்தச் செட்டில் எல்லாமே ஒரே கரகரப்பில் இருக்கும், பெரும்பாலும் 2ஆம் நம்பர் கட். கடிகார வேலையில் ஒரு வடிவத்தில் மூன்று கட் தேவைப்படும், இன்னொரு வடிவம் வருடக்கணக்கில் தேவையே படாது. என் கருத்தில் செட் வேண்டாம். வேலை கேட்கும்போது ஒவ்வொன்றாக, நல்லதாக வாங்குவதே சரி.

கட் நம்பர் என்பது என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன், குழப்பம் நிறைய நடக்கும் இடம் இது. கடிகாரம், நகை, அச்சு வேலைகளுக்கான நுண் அரங்கள் சுவிஸ் முறை எண்ணில் வரும். 00 மிகக் கரகரப்பு, பிறகு 0, 1, 2, 3, 4, 6 என்று மென்மை கூடிக்கொண்டே போகும். சில வடிவங்களில் 8கூட உண்டு. பட்டறை அரங்களில் பார்க்கும் பாஸ்டர்ட், செகண்ட் கட், ஸ்மூத் என்கிற பெயர்கள் வேறு கணக்கு. அதில் ‘ஸ்மூத்’ என்பது கடிகாரக்காரருக்கு இன்னும் முரட்டு அரம்தான். அடுத்த விஷயம், ஒரே நம்பராக இருந்தாலும் அரம் குட்டையானால் பல் பொடியாகிவிடும். 20 செ.மீ. அரத்தின் 2ஆம் நம்பரும் ஊசி அரத்தின் 2ஆம் நம்பரும் ஒன்றல்ல. பெரிய அரம் 4, சின்ன அரம் 2 என்று கலந்து வைத்துக்கொண்டு, 2 ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று வியக்க வேண்டியதில்லை. நீளமும் நம்பரும் சேர்ந்ததுதான் அளவு. 4ஆம் நம்பர் ஊசி அரத்தில் ஒரு செ.மீ.க்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பல்வரிகள் இருக்கும். வெறும் கண்ணுக்கு அது சாம்பல் நிறப் பரப்பாகத்தான் தெரியும்.

இந்த எண்முறை சுவிட்சர்லாந்திலிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. ஜூரா மலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கும் வல்லோர்ப் இரும்பு வேலைக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் கடிகாரம் செய்யும் பள்ளத்தாக்குகள். அங்கே 1899இல் உருவான தொழிற்சாலையின் அரங்கள் இன்றும் கடிகார மேசைகளில் இருக்கின்றன. ஒரு காலத்தில் அரத்தின் ஒவ்வொரு பல்லையும் உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் வெட்டினார்கள். நல்ல இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. அமெரிக்காவில் நிக்கல்சன் அரத் தொழிற்சாலை 1864இல் தொடங்கியது அப்படி ஒன்றை வைத்துத்தான். 6ஆம் நம்பர் கட்டைக் கையால் வெட்டியவர்களின் கண்ணையும் கையையும் நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தலைசுற்றும்.

சரி, வேலைக்கு வருவோம்.

கார்பன் அதிகமுள்ள எஃகுத் தகடு, 0.5 மி.மீ., மென்மையான நிலையில் இருப்பது. அதை மார்க்கர் மையால் பூசி, உடைந்த இரு துண்டுகளையும் சேர்த்து வைத்து சூப்பர் குளூவால் ஒட்டி, கூர்மையான ஊசியால் விளிம்பைச் சுற்றிக் கோடு கிழித்தேன். ஒட்டிய துண்டுகளைப் பிரிக்க அசிட்டோன் போதும். திருகு ஓட்டைகளை முதலிலேயே துளையிட்டுவிட வேண்டும். விளிம்பை முடித்த பிறகு துளையிட்டால், ஓட்டை கொஞ்சம் விலகினாலும் மொத்த வேலையும் வீண். ஓட்டை முதலில், விளிம்பு அப்புறம் என்றால் விளிம்பை ஓட்டைக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளலாம். ஓட்டையைப் பெரிதாக்க உருண்டை ஊசி அரத்தை யாராவது எடுத்தால் தடுத்துவிடுங்கள். அது நுனிநோக்கிச் சிறுத்துப்போவதால் ஓட்டையின் வாய் அகன்றுவிடும், வட்டமும் கெடும். அதற்கு ஐந்து முகம் கொண்ட பிரோச் இருக்கிறது; ஓட்டைக்குள் சுழற்றிச் சுரண்டிப் பெரிதாக்கும் கம்பிக் கருவி அது.

நகை வேலைக்கான மெல்லிய ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே 0.2 மி.மீ. விட்டு அறுத்தாயிற்று. இனி அரம்.

முதலில் எடுத்தது 15 செ.மீ. நீளமுள்ள தட்டை அரம், 2ஆம் நம்பர். இவ்வளவு சின்னப் பாகத்துக்கு இவ்வளவு பெரிய அரமா என்று கேட்கலாம். நேர்க்கோடு வேண்டும் என்றால் நீளமான அரம்தான் வேண்டும். அகலமான, நீளமான முகம் விளிம்பின் மேடுகளை மட்டும் தொட்டு எடுக்கும், பள்ளத்துக்குள் இறங்காது. குட்டி ஊசி அரத்தில் நேர் விளிம்பு எடுக்கப் போனால் அது விளிம்பின் அலையோடு சேர்ந்து தானும் ஏறி இறங்கும். கடைசியில் எங்கு பார்த்தாலும் மெல்லிய மேடு பள்ளம். நேரான பகுதிகள் எவ்வளவு சின்னதானாலும் அவற்றைப் பெரிய அரத்தில் முடிப்பது என் வழக்கம்; ஊசி அரம் பெரிய அரம் நுழையாத இடத்துக்கு மட்டும்.

தட்டை அரத்தில் பார்க்க வேண்டியது பக்கவாட்டு விளிம்பு. பல் இல்லாத விளிம்பு ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த வழுவழுப்பான பக்கத்தைப் பாகத்தின் ஒரு சுவரோடு சாய்த்துக்கொண்டு அடுத்த சுவரை மட்டும் ராவலாம். முடித்த சுவரில் கீறல் விழாது. எந்த முகம் வெட்ட வேண்டும் என்று பார்த்து அரம் வாங்குகிறவர்கள் நிறைய, எந்த முகம் வெட்டக் கூடாது என்று பார்க்கிறவர்கள் குறைவு. கடிகார வேலையில் இரண்டாவது கேள்விதான் எனக்கு முதலில் வரும்.

அதனாலேயே எனக்குப் பிடித்த அரம் பாரெட். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தாழ்வான முக்கோணம். அடிப்பக்கத் தட்டை முகத்தில் மட்டும் பல், முதுகின் இரண்டு சரிவுகளும் வெறுமை. ஒடுக்கமான உள்மூலைக்குள் அதன் ஓரம் போய் உட்காரும், பக்கத்துச் சுவரைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. சக்கரங்களின் ஆரைகளைச் சீர்செய்கிறவர்களின் கை முதலில் போவது இதற்குத்தான். இந்த ஸ்பிரிங்கில் தகட்டின் படிக்கட்டு போன்ற உள்ஓரங்களுக்கு 4ஆம் நம்பர் பாரெட் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு நல்ல ஊசி அரம்தான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால் 4ஆம் நம்பர் பாரெட் என்றுதான் சொல்வேன். சதுர அரம், முக்கோண அரம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கையின் வளைவுக்கு வருவோம். உள்வளைவை ராவ அரைவட்ட அரம் எடுப்பது சாதாரண வழக்கம். கிராஸிங் என்கிற வடிவம் இன்னும் வசதி: இரண்டு பக்கமும் புடைத்திருக்கும், ஒன்று மெதுவான வளைவு, மற்றது இறுக்கமான வளைவு. ஒரு அரத்திலேயே இரண்டு ஆரம் கிடைத்துவிடுகிறது. தேர்வு செய்யும் விதி எளிது. அரத்தின் வளைவு பாகத்தின் வளைவைவிடச் சற்றே இறுக்கமாக இருக்க வேண்டும், அதிகமாக இல்லாமல். மிக இறுக்கமான அரம் நடுவில் ஒரே கோட்டில் மட்டும் தொட்டு வரிவரியாகப் பள்ளம் போடும். பாகத்தைவிட அகன்ற வளைவுள்ள அரமோ இரண்டு ஓரங்களை மட்டும் தின்றுவிட்டு நடுவைத் தொடவே தொடாது. முன்னே தள்ளும்போதே அரத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி, கொஞ்சம் உருட்டினால் வளைவு வழுக்கிக்கொண்டு வரும்.

உடைந்த மூட்டில் கூர் மூலையை அப்படியே வைக்க மனமில்லை. அங்கே மட்டும் பாரெட்டை ஒதுக்கிவிட்டு 4ஆம் நம்பர் உருண்டை ஊசி அரத்தின் நுனிப்பகுதியை எடுத்தேன். அது விட்டுச்செல்லும் சின்ன ஆரம்தான் புது ஸ்பிரிங்குக்கு ஆயுள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதானாலும் கூர் மூலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

கையின் அகலத்தைக் குறைக்கும்போது அவசரமே கூடாது. இந்தக் கை தகட்டின் தளத்திலேயே பக்கவாட்டில் வளைகிறது. அதனால் அதன் விறைப்பு அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்ப மாறும், தடிமனுக்கு நேர்விகிதத்தில் மட்டும் மாறும். அகலத்தில் 10 சதவீதம் எடுத்தால் விறைப்பில் சுமார் 27 சதவீதம் போய்விடும். அரை மி.மீ. அகலமுள்ள கையில் 10 சதவீதம் என்பது 0.05 மி.மீ.தான், 2ஆம் நம்பர் அரத்துக்கு அது சில தள்ளல். மைக்ரோமீட்டரில் இன்னும் 0.1 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே 4க்கும், அப்புறம் 6க்கும் மாறிவிடுவது இதனால்தான். அளவில் 6ஆம் நம்பர் தரும் நிதானத்தை வேறெதுவும் தராது. ராவும் திசையும் முக்கியம். கடைசிக் கட்டத்தில் கீறல்கள் கையின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் விரிசலுக்கு ஒரு வாசல். அரத்தை இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, பாகத்தின் நீளத்தை ஒட்டி இழுத்தால் நீளக் கீறல்கள் மட்டும் மிஞ்சும்.

நுனிப் பள்ளங்களுக்கு எஸ்கேப்மென்ட் அரங்கள். இவை ஊசி அரத்தைவிடச் சின்னவை. மொத்தம் சுமார் 14 செ.மீ., அதில் பல் உள்ள பகுதி பாதிகூட இராது. பிடி உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருக்கும், விரல்களுக்கு இடையில் அரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பார்க்காமலே தெரியும். பள்ளத்தின் அடியை எடுக்க முக்கோண வடிவம் எடுத்தேன். ஐ கிளாஸில் பார்த்தால் ‘கூர்’ என்று நாம் நினைக்கிற அந்த ஓரம் கூரே இல்லை. பல் வெட்டும்போதே ஓரம் சற்று மழுங்கிப்போகிறது. இதற்கு ஒரு பழைய வழி உண்டு. அரத்தின் ஒரு முகத்தை எண்ணெய்க் கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்துப் பல்லை முழுசாக எடுத்துவிட வேண்டும். அந்த முகம் வெட்டாத முகமாகிவிடும், அது அடுத்த முகத்தைச் சந்திக்கும் ஓரம் உண்மையிலேயே கூராகிவிடும். நல்ல அரத்தைக் கல்லில் தேய்க்க மனசு வராதுதான். ஆனால் இப்படித் தயார்செய்த ஒரு அரம், கடையில் எந்தப் பெயரிலும் கிடைக்காத ஒரு வேலையைச் செய்கிறது.

பிடிக்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. 0.5 மி.மீ. தகட்டை வைஸில் உயர்த்திப் பிடித்தால் அது அதிரும். அதிர்ந்தால் அரம் கிறீச்சிட்டுக்கொண்டே சதுரம் சதுரமாகத் தழும்பு போடும். பித்தளைத் தாடை போட்ட கை வைஸில், ராவ வேண்டிய விளிம்பு மட்டும் ஒரு மி.மீ.க்குள் வெளியே எட்டிப் பார்க்கும்படி பிடித்து, கை வைஸை மேசையில் பதித்த மரக்கட்டைமேல் சாய்த்துக்கொண்டால் சத்தமே வராது. அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும், அழுத்திக்கொண்டே பின்னால் இழுத்தால் பல்லின் முனை மழுங்கும். நுண் கட்டில் இது சீக்கிரம் நடக்கும்.

இன்னொரு தொல்லை, பல்லுக்கு நடுவில் துகள் சிக்கிக்கொள்வது. சிக்கிய துகள் கெட்டிப்பட்டு, அடுத்த தள்ளலில் பாகத்தின்மேல் ஆழமாக ஒரு கோடு கீறிவிடும். முடிகிற நேரத்தில் வரும் இந்த ஒரு கீறலை எடுக்க மறுபடி எல்லாப் பக்கமும் 0.02 மி.மீ. குறைக்க வேண்டி வரும். அரத்தின்மேல் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துக்கொண்டால் துகள் ஒட்டுவது வெகுவாகக் குறையும். சுத்தம் செய்யக் கம்பி பிரஷ் எடுக்காதீர்கள். 2ஆம் நம்பருக்கு மேல் போனால் அந்தக் கம்பி பல்லைவிடத் தடிமன், அதோடு எஃகுக் கம்பி பல்முனைக்குப் பகை. மெல்லிய பித்தளைத் தகட்டின் ஓரத்தைப் பல்வரிகளின் திசையிலேயே தள்ளினால், தகட்டில் தானாகவே அந்தப் பல்லின் வார்ப்பு விழுந்துவிடும். அந்த வார்ப்பே பிறகு ஒவ்வொரு வரிக்குள்ளும் போய்த் துகளைத் தள்ளிக்கொண்டு வரும்.

பித்தளைக்கும் எஃகுக்கும் ஒரே அரத்தைப் பயன்படுத்தலாமா? முடிந்தவரை வேண்டாம். பித்தளைக்குப் பல் புத்தம்புதிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். எஃகில் கொஞ்ச நாள் ஓடிய அரம் பித்தளையில் பிடிக்காது. எனவே புது அரம் முதலில் பித்தளைக்கு. அங்கே வழுக்க ஆரம்பித்ததும் எஃகுக்கு இறக்கம். பிடியில் ஒரு பெயிண்ட் பொட்டு வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

வடிவம் வந்தாயிற்று. இனிப் பதம். ஆக்சைடு படராமல் இருக்க போரிக் அமிலத்தை ஆல்கஹாலில் குழைத்துப் பூசி, மெல்லிய இரும்புக் கம்பியால் சுற்றி, 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய செம்பழ நிறம் வரும்வரை சூடாக்கி, எண்ணெயில் நேராக, ஓரம் கீழே இருக்கும்படி இறக்கினேன். தட்டையாகப் போட்டால் நெளியும். அப்புறம் ஒரு சோதனை: பழைய அரத்தின் ஓரத்தால் தகட்டின் மறைவான இடத்தைத் தொட்டால் பிடிக்காமல் கண்ணாடிமேல் ஓடுவதுபோல வழுக்க வேண்டும். வழுக்கியது. இந்த நிலையில் அது கண்ணாடியைப் போலவே உடையவும் செய்யும். மேற்பரப்பை வெளுக்கத் தேய்த்து, பித்தளை அரத்தூள் பரப்பிய சின்னத் தட்டில் வைத்து அடியிலிருந்து சூடேற்றினால் நிறம் மெதுவாக ஏறும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். 300 டிகிரியை ஒட்டி வரும் நீலத்தில் எடுத்துவிட வேண்டும். பித்தளைத்தூள் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டைத் தருகிறது. அதனால்தான் நான் அதைக் கொட்டாமல் சேர்த்து வைக்கிறேன்.

பதம் போட்ட பிறகு அரத்தின் கதை மாறிவிடுகிறது. நல்ல அரம், கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 65ஐ ஒட்டி இருக்கும். நீலத்துக்கு இறக்கிய எஃகு 50களின் நடுவில். வித்தியாசம் இருப்பதால் அரம் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் நுண் பல்லின் ஆயுள் அங்கேயே கரைந்துபோகும். 6ஆம் நம்பர் அரத்தை நீல எஃகில் ஓட்டுவதை நான் வீண்செலவாகத்தான் பார்க்கிறேன். வடிவ வேலை முழுவதையும் பதத்துக்கு முன்பே முடித்து, பதத்துக்குப் பின் 0.01, 0.02 மி.மீ. மட்டும் எடுக்கும்படி விட்டுவைப்பது இதற்காகத்தான். அந்த மிச்சத்துக்கு வைர அரமும் கல்லும்.

வைர அரம் வாங்கும்போது கட் நம்பர் இராது; துகளின் அளவுதான் பார்க்க வேண்டும். ஐரோப்பிய முறையில் ‘டி’ என்ற எழுத்துக்குப் பின் வரும் எண் ஏறக்குறைய மைக்ரானில் துகள் அளவு: டி126 என்றால் 106 முதல் 125 மைக்ரான், டி46 என்றால் 38 முதல் 45 மைக்ரான். கடிகாரப் பாகத்துக்கு டி126 முரடு. டி46 அல்லது அதைவிடப் பொடியானது இருந்தால் நல்லது. அளவே போடாமல் வெறும் ‘ஃபைன்’ என்று மட்டும் எழுதியிருக்கும் செட்டுகளில் துகள் சீராக இராது; நூறு துகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு பெரிய துகள்தான் கீறலின் ஆழத்தைத் தீர்மானிக்கும். புது வைர அரம் முதலில் கொஞ்சம் மூர்க்கமாக வெட்டும், துருத்திய துகள்கள் உதிர்ந்த பிறகுதான் அதன் உண்மையான மென்மை தெரியும். அதைப் பழைய கடின எஃகில் ஓட்டி அடக்கிவிட்டுப் பாகத்துக்குக் கொண்டுவருவேன். இரண்டு திசையிலும் வெட்டும் என்பதால் தூக்கத் தேவையில்லை; அழுத்த மட்டும் கூடாது. ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். பித்தளையில் வைரத்தை ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

வைரத்துக்கு ஒரு குறை உண்டு. துகளைப் பிடித்துவைக்கும் நிக்கல் பூச்சு ஓரங்களைத் தடிப்பாக்கிவிடுவதால் கூர் மூலைக்குள் அது போகாது. வெட்டாத முகம் உள்ள வடிவங்களும் அரிது. பள்ளங்களுக்கு இடையிலான மேட்டைத் தீட்டக் கூர் ஓரமுள்ள அர்க்கன்சா கல் (நுண்ணிய தீட்டுக்கல்) துண்டுதான் உதவியது. லீவரின் ஊசி எந்தத் திசையில் சறுக்குமோ அந்தத் திசையிலேயே தேய்க்க வேண்டும்.

தட்டையான மேல்முகத்துக்கு அரமே வேண்டாம். கண்ணாடிப் பலகைமேல் மைக்ரான் அளவிட்ட உராய்வுத் தாளை ஒட்டி, 12, 9, 5, 3 என்று இறங்கினால் போதும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பாகத்தையும் விரலையும் கழுவியாக வேண்டும். ஒரே ஒரு 12 மைக்ரான் துகள் 3 மைக்ரான் தாளுக்கு வந்துவிட்டால் கீறல் தேடி நேரம் போய்விடும். வெளிவிளிம்பில் 45 டிகிரிச் சாய்வை 6ஆம் நம்பர் பாரெட்டால் பதத்துக்கு முன்பே கோடாக எடுத்து வைத்திருந்தேன்; இப்போது அதை மரக்குச்சியில் தடவிய வைரப் பசையால் மினுக்கினால் சரி. டயலுக்கு அடியில் ஒளிந்திருக்கப்போகிற பாகத்துக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று கேட்கலாம். சாய்வு எடுத்த விளிம்பில் பிசிறு இல்லை. பிசிறு உதிர்ந்து இயந்திரத்துக்குள் போவதும் இல்லை. அலங்காரம் கொசுறு.

பிவட் அரம் பற்றியும் கேட்பார்கள். அச்சு முனைகளுக்கான அது தனி இனம். ஓரம் சரிவாக, இடது வலது என்று பிரித்து வரும். கூடவே பல்லே இல்லாத, அழுத்தி மினுக்கும் பர்னிஷர். இரண்டும், அச்சைத் தாங்கிச் சுழற்றும் ஜாகோ கருவியோடு சேர்ந்து இயங்குபவை. தட்டையான பாகம் செய்ய அவற்றை வாங்க வேண்டியதில்லை.

பொருத்திப் பார்க்கும்போது முதல் இழுப்பில் ‘டிக்’ கொஞ்சம் கனமாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். கனத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கையின் வெளிப்பக்கத்தில் மட்டும், மூட்டைத் தொடாமல், டி46 வைர அரத்தால் நீளவாக்கில் சில இழுப்பு. எடுக்க எடுக்கப் பொருத்திப் பார்த்ததில் கிரவுன் இரண்டு நிலையிலும் தெளிவாக நின்றது. உள்ளே தள்ளும்போது தயங்கவில்லை. ஒவ்வொரு முறை பொருத்தும் முன்பும் பாகத்தை பென்சினில் அலசி, காந்தம் நீக்கிவிட வேண்டும். எஃகுத் தூள் பேலன்ஸ் (கடிகாரத்தில் முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) பக்கம் போனால் வேறு ஒரு ரிப்பேர் தொடங்கும். அரங்களையும் அவ்வப்போது காந்தம் நீக்கும் கருவியில் காட்டுவது நல்லது. காந்தம் ஏறிய அரத்தில் துகள் உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த வேலையில் அதிகம் உழைத்தது பாரெட். அதன் முன் பாதியை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் பல்முனைகளில் வெள்ளைக் கோடு மின்னுகிறது. கூரான பல் ஒளியைத் திருப்பாது, மழுங்கியது திருப்பும். அடுத்த வேலைக்குப் புது 4ஆம் நம்பர் பாரெட் வாங்க வேண்டும். பழையதைத் தூக்கிப்போடப் போவதில்லை. பல்லைக் கல்லில் முழுக்க எடுத்துவிட்டு, எமரித் தாளில் குறுக்குக் கோடுகள் மட்டும் ஏற்றினால் தட்டைப் பரப்புகளை அழுத்தி மினுக்கும் பர்னிஷராகிவிடும். அந்த எஃகும் அதன் கடினமும் அப்படியேதான் இருக்கின்றன.